கூரையிலிருந்து இறங்கிய தகரம்

என் கத்தரிப் பாத்தியின் மேற்குப் பக்கத் தகரத்தில் ஏழு ஓட்டைகள் இருக்கின்றன. மூன்று ஒரு வரிசை, நான்கு இன்னொரு வரிசை. ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கறுப்பு வட்டம். ஜே போல்ட்டுக்கு அடியில் வைத்த தார் வாஷர் முப்பத்தைந்து வருஷம் ஒட்டிக்கிடந்த தடம் அது. நாலாவது ஓட்டை வழியாக ஒரு கீழாநெல்லி தலையை வெளியே நீட்டியிருக்கிறது. பிடுங்க மனம் வரவில்லை.

இந்தத் தகரம் 1983-ல் எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அதுவரை கொட்டகைக்குக் கீற்றுதான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பழைய கீற்றைப் பிரிக்கும்போதெல்லாம் தேளும் பூரானும் உதிரும். அப்பாயி ஒரு கிடேரியை விற்று எட்டுத் தகரம் வாங்கிப் போட்டார். ஒவ்வொன்றும் பத்தடி நீளம், ஏறக்குறைய இரண்டரை அடி அகலம். புதிதில் பூப்பூவாய் மின்னியதாம். அந்தப் பூவை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு தகரத்தின்மேல் அடுத்தது ஏறிப் படிந்திருந்த ஓரத்தில், வெயிலும் மழையும் படாத நாலு விரல் பட்டையில், பனிக்கட்டி உடைந்தது போன்ற அந்தக் கோலம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்ததை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் பார்த்தபோது கொட்டகையில் கால்கள் மட்டும் நின்றன. மாடு பிழைத்திருந்தது. எட்டுத் தகரத்தில் ஒன்று அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்த மாதிரி வளைந்து கிடந்தது. இரண்டு கிடைக்கவே இல்லை. மூன்று கசங்கிப் போயின. இரண்டு மட்டும் வைக்கோல் போரில் செருகி நின்றதால் தப்பின.

பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குக் கேட்டார். அப்பாயி கொடுக்கவில்லை. கசங்கிய மூன்றையும் சேர்த்துத்தான் கேட்டார், அப்போதும் கொடுக்கவில்லை. கன்றை விற்று வாங்கியதைக் கிலோ கணக்கில் கொடுப்பதா என்பது அவர் கேள்வி. கொட்டகை வேறு பொருளில் எழும்பியது. தகரங்கள் கொல்லைச் சுவரில் சாய்ந்தே நாலு வருஷம் நின்றன.

அவற்றைப் பாத்தியாக்கலாம் என்ற எண்ணத்தை விதைத்தது பிரிஸ்பேன் நகரில் இருக்கும் அத்தை மகன் அனுப்பிய ஒரு படம். அவன் வீட்டுப் பின்புறத்தில் இடுப்புயரத்துக்கு நெளி தகரத் தொட்டி, அதில் மண், மண்ணில் தக்காளி. குனியாமல் களை எடுக்கிறான். மண்ணில் நேராகப் போட்ட பாத்தியை மழைக்காலத்தில் தண்ணீர் மூடிக்கொள்ளும் எங்கள் கொல்லைக்கு அது தோதாகப் பட்டது. பலகை அடித்துச் செய்து பார்த்தவர்கள் ஊரில் உண்டு. கறையான் ஒரு வருஷத்துக்குமேல் விட்டுவைப்பதில்லை.

முழுசாக இருந்த இரண்டு தகரங்களையும் டிராக்டரில் போட்டுக்கொண்டு ராவுத்தர் மாமா பட்டறைக்குப் போனேன். இரண்டடித் துண்டுகளாக வெட்டி வரிசையாக நிறுத்தி மூலைகளில் வெல்டு வைத்துத் தரச் சொன்னேன். அவர் இரண்டுக்கும் மாட்டேன் என்றார்.

“மாப்ள, ஜி.ஐ. ஷீட்டுல வெல்டு வெச்சா வெள்ளைப் புகை வரும். அது மூக்குல ஏறுச்சுன்னா ராத்திரி குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். நான் பட்டிருக்கேன். போல்ட்டு போட்டுத் தரேன், எடுத்துக்க.”

அந்த வெள்ளைப் புகையிலிருந்துதான் இந்தப் பொருளின் கதையைத் தொடங்க வேண்டும்.

நாம் தகரம் என்று சொல்வது உண்மையில் தகரம் இல்லை. அகராதிப்படி தகரம் என்பது வெள்ளீயம். இன்னும் பழைய வழக்கில் அது ஒரு வாசனைப் பொருள். சங்க காலத்துப் பெண்கள் கூந்தலுக்குப் பூசிய சாந்துக்கு அந்தப் பெயர் உண்டு. கூந்தல் சாந்தின் பெயர் எப்படிக் கொட்டகைக் கூரை வரைக்கும் வந்து சேர்ந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தால் பொழுது போவது தெரியாது. கூரைத் தகரத்தில் வெள்ளீயம் கிடையாது. உள்ளே எஃகு, மேலே துத்தநாகம். நல்ல பூச்சு என்றால் சதுர மீட்டருக்கு இரு பக்கமும் சேர்த்து 275 கிராம். பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான். தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. முப்பத்தைந்து வருஷம் எங்கள் மாட்டுக்கு மேலே மழையைத் தடுத்தது அந்த மெல்லிய தோல்தான்.

துத்தநாகம் பிடிபடுவதற்குக் கடினமான உலோகம். இரும்பையும் செம்பையும் மனிதன் நெருப்பிலிட்டு உருக்கி எடுத்துவிட்டான். துத்தநாகத் தாதுவை அதே மாதிரி கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் உலோகம் உருகி வழிவதில்லை, ஆவியாகப் போய்விடும். அது 907 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். தாதுவிலிருந்து அதைப் பிரிக்கவோ அதற்கும் மேலே சூடு வேண்டும். பிரிந்த நொடியே ஆவி. காற்றுப்பட்டால் வெள்ளைத் தூள். ராவுத்தர் மாமாவுக்குக் காய்ச்சல் கொடுத்த அதே வெள்ளை.

அந்த ஆவியை முதன்முதலில் பெரிய அளவில் பிடித்துக் கட்டியவர்கள் இந்தியர்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குத் தெற்கே ஜாவர் என்ற இடம். அங்கே பல நூற்றாண்டுகளாகத் துத்தநாகம் வடித்திருக்கிறார்கள். களிமண்ணில் ஒரு மூசை. அதன் வடிவம், எனக்குச் சொல்லவே சந்தோஷமாக இருக்கிறது, கத்தரிக்காய். உருண்டை வயிறு, அதிலிருந்து காம்பு போல ஒரு நீண்ட குழல். வயிற்றில் தாதுவும் கரியும் மற்றதும் நிரப்பி, காம்பு கீழே தொங்கும்படி தலைகீழாக அடுக்குவார்கள். ஓர் உலைக்கு 36 கத்தரிக்காய். நெருப்பு மேலறையில். ஆவிக்கு மேலே போக வழி கிடையாது. குழல் வழியே கீழறைக்கு இறங்கிக் குளிர்ந்து சொட்டும். 1980-களில் பிரிட்டிஷ் மியூசியமும் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகமும் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனமும் சேர்ந்து அங்கே தோண்டியபோது, மூசைகள் அடுக்கியபடியே உலைகள் கிடைத்தன. ஒரு தடவை சுட்ட மூசையை மறுபடி பயன்படுத்த முடியாது. எனவே ஜாவர் மக்கள் தீர்ந்த மூசைகளைச் செங்கல் போல அடுக்கி வீட்டுச் சுவர் கட்டினார்கள். ஒரு வேலை முடிந்த பொருளை அடுத்த வேலைக்கு நிறுத்தும் பழக்கம் இந்த உலோகத்தோடு கூடவே பிறந்திருக்கிறது.

ஐரோப்பாவில் இது வெகுநாள் பிடிபடவில்லை. கிழக்கிலிருந்து கப்பலில் போன கட்டிகளை ‘டூட்டனாக்’ என்று அவர்கள் கணக்கேடுகளில் எழுதினார்கள். நம் துத்தநாகத்தின் உறவுச் சொல்தான் அது. பிரிஸ்டலைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் 1738-ல் காப்புரிமை வாங்கிய முறையிலும் ஆவி கீழ்நோக்கித்தான் இறங்கியது, ஜாவரில் இறங்கியது போலவே.

துத்தநாகத்தை இரும்புக்குப் பூசலாம் என்று பிரான்ஸில் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் என்ற பொறியாளர் 1837-ல் காப்புரிமை எடுத்தார். இரும்பை அமிலத்தில் கழுவி, நவச்சாரம் கொடுத்து, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. இத்தாலிய விஞ்ஞானி கல்வானியின் பெயரை இந்த முறைக்கு வைத்தார்கள். ஜி.ஐ. என்பதில் முதல் எழுத்து அவருடையது. அதில் வேலை செய்யும் நியாயம் இதுதான்: இரும்பும் துத்தநாகமும் ஒட்டிக்கொண்டு ஈரத்தில் இருந்தால், துத்தநாகம் முந்திக்கொண்டு கரையும். அது இருக்கும்வரை இரும்பைத் துரு தொடாது. ஆணி கீறி இரும்பு தெரிந்தால்கூட, சுற்றியுள்ள துத்தநாகம் அந்தக் கீறலுக்காகத் தான் கரைந்துகொள்ளும். பெயிண்டுக்கு இந்தக் குணம் கிடையாது. பெயிண்ட் ஓர் இடத்தில் உரிந்தால் அதன் அடியிலேயே துரு பரவும். என் பாத்தியில் ஓட்டைகளின் விளிம்பு இத்தனை வருஷமாகத் துளிகூட அரிக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி மாமாவின் இரண்டாவது மறுப்பு.

“இரண்டடியா வெட்டி நிறுத்துனா அலை மேலேருந்து கீழே ஓடும். உள்ளேருந்து மண்ணு தள்ளுறப்போ கோரைப்பாயைச் சுருட்டுற மாதிரி வெளியே வளைஞ்சிடும். ஷீட்டை நீளவாக்குல படுக்க வை. இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் நடுவுல அலை ஓடணும். அப்பத்தான் தாங்கும்.”

அவர் சொன்னதைக் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டே சரிபார்க்கலாம். தட்டையான தாளை ஒரு முனையில் பிடித்தால் தொங்கிவிடும். விசிறி மடிப்பாக மடித்தால் மடிப்பின் நீளவாக்கில் விறைத்து நிற்கும். குறுக்குவாக்கில் இன்னும் சுலபமாகச் சுருளும். பனையோலை இதை எப்போதோ கற்றுக்கொண்டது. அத்தனை அகலமான ஓலை காற்றில் கிழியாமல் விரிந்து நிற்பது அதன் மடிப்பால்.

இரும்பில் அந்த மடிப்பைப் போட்டவர் ஹென்றி ராபின்சன் பாமர். லண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியாளர். 1818-ல் லண்டனில் சிவில் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவர். 1829-ல் நெளியிட்ட உலோகத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். துறைமுகத்தில் சரக்குக் கொட்டகைகளுக்கு அகலமான கூரை வேண்டும், உள்ளே தூண் மறிக்கக் கூடாது. பள்ளம் வெட்டிய உருளைகளுக்கு நடுவே தகட்டை விட்டு நெளித்தார். மெல்லிய தகடே தன்னைத் தானே தாங்கிக்கொண்டது. ஆனால் அவருடையது வெறும் இரும்பு, லண்டன் மழையில் துருப்பிடிக்கும். எட்டு வருஷம் கழித்து சொரெலின் துத்தநாகம் வந்து சேர்ந்தபோதுதான் அந்தத் தகடு ஊர் ஊராகப் போகத் தயாரானது.

போனது என்றால் அப்படிப் போனது. ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி அடுக்கிக்கொள்ளும் என்பதால் கப்பலில் இடம் அடைக்காது. ஒரு முழு வீட்டைக் கட்டுக்கட்டாக ஏற்றிவிடலாம். 1851-ல் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட், ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் நடனம் ஆட ஓர் இரும்புக் கூடம் வாங்கினார்; அது பிற்பாடு தச்சுப்பட்டறை ஆனது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவ, மெல்போர்னில் வந்திறங்கிய கூட்டத்துக்குத் தங்க இடம் இல்லை. கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். பிரிட்டனிலிருந்து தகர வீடுகள் கப்பலேறின. தெற்கு மெல்போர்னில் கவன்ட்ரி தெருவில் அப்படிப்பட்ட வீடுகளை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில்தான் இந்தத் தகரம் மண்ணோடு சேரும் வழியைக் கண்டுகொண்டது. அந்த நாட்டின் உட்பகுதியில் மழை அரிது. கூரையில் விழும் ஒவ்வொரு சொட்டையும் பிடித்து வைக்க வீட்டுக்கு வீடு உருண்டையான தகரத் தொட்டி. நெளி படுக்கைவாக்கில் ஓட, தகரத்தை வளைத்துச் செய்த தொட்டி. தண்ணீரோடு வரும் இலையும் மண்ணும் அடியில் படிய, தொட்டி எப்போதும் அடியிலிருந்துதான் இற்றுப்போகும். சுவர் திடமாக இருக்க, அடி போய்விடும். அப்படி அடிபோன தொட்டியை வளையம் வளையமாக அறுத்துத் தரையில் வைத்து மண் நிரப்பிக் காய்கறி போட்டார்கள். தொட்டிக்கு அடி இல்லாதது குறை. பாத்திக்கு அதுவே வடிகால். இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான குறை ஒன்று இருக்க முடியாது. யார் முதலில் அறுத்தார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. நம்மூரில் நெய் டின்னில் முதல் துளசியை நட்டது யார் என்பது போலத்தான்.

இன்று கடைகளில் விற்கும் தகரப் பாத்திகள், பகுதி பகுதியாக அட்டைப் பெட்டியில் வந்து போல்ட் போட்டுக்கொள்ளும் அந்த வண்ணப் பாத்திகள், இந்த அறுத்த தொட்டிகளின் பேரப்பிள்ளைகள். அவற்றில் பெரும்பாலும் வெறும் துத்தநாகம் இல்லை. அலுமினியம் 55 சதவீதமும் மீதிக்குப் பெரும்பகுதி துத்தநாகமும் கொண்ட பூச்சு. 1970-களில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சந்தைக்கு வந்தது. கொரோனா முடக்கத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்குக் காய்கறி போடும் ஆசை எழுந்தபோது அவை உலகெங்கும் போயின.

தகரத்துக்கு மேலே காய்கறி விளைந்த இன்னொரு காலமும் உண்டு. அது போர்க்காலம். 1939 பிப்ரவரியிலிருந்து பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களுக்கு வளைந்த நெளி தகரங்களை அரசாங்கம் வினியோகித்தது. நாலடி ஆழம் குழி தோண்டி, தகரங்களை வளைவாக நிறுத்தி முடுக்கி, மேலே குறைந்தது 15 அங்குலம் மண் கொட்ட வேண்டும். குண்டு விழும் இரவில் ஆறு பேர் உள்ளே நெருக்கி உட்காரலாம். ஆண்டர்சன் பதுங்குமிடம் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயருக்குரிய சர் ஜான் ஆண்டர்சன் 1937 வரை வங்காளத்தின் கவர்னராக இருந்தவர். மேலே கொட்டிய மண்ணை மக்கள் சும்மா விடவில்லை. உணவுத் தட்டுப்பாட்டுக் காலம். கீரையும் பூசணி வகைக் காயும் பூச்செடியும் போட்டார்கள். யாருடைய பதுங்குகுழித் தோட்டம் அழகு என்று பக்கத்து வீடுகளுக்குள் போட்டியே நடந்தது. கீழே பிள்ளைகள் தகரத்துக்கு முதுகைக் கொடுத்துப் படுத்திருக்க, மேலே வேர் அதே தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். போர் முடிந்ததும் அந்தத் தகரங்களைத் தோண்டி எடுத்துத் தோட்டச் சாமான் வைக்கும் கொட்டகையாக்கிக்கொண்டார்கள்.

நம்மவர்களுக்கும் இதற்கும் உள்ள பழைய உறவு அவ்வளவு இனிப்பானது இல்லை. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்து போனவர்களின் லயன் காம்பராக்களுக்குத் தகரக் கூரை. பகலில் சுடும், மலைக் குளிரில் இரவில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். தலைமுறைகளாக அதன் கீழே பிள்ளை பெற்று வளர்த்தார்கள். தகரத்தைப் புகழ்ந்து எழுதும் யாரும் இதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். மனிதன் படுக்கும் இடத்துக்கு மேலே வெறும் தகரம் கொடுமையான கூரை. தரையில் நின்று மண்ணைத் தாங்குகிற வேலைதான் அதற்கு ஏற்ற வேலை.

பட்டறைக்குத் திரும்புகிறேன். மாமா கணக்குப் போட்டார். பத்தடித் தகரத்தை ஆறும் நாலுமாக வெட்டினால், இரண்டு தகரத்தில் நாலு பக்கமும் முடிந்தது. ஆறுக்கு நாலு, இரண்டரை அடி உயரம். கட்டிங் வீல் வைத்து அறுத்தால் சூட்டில் விளிம்பில் துத்தநாகம் எரிந்துவிடும் என்று தகரம் வெட்டும் கத்தரியாலேயே வெட்டினார். உள்ளங்கை சிவக்க அரை மணி நேரம் ஆனது. மூலைக்கு ஆங்கிள். ஆறடிப் பக்கங்கள் நடுவில் வயிறு தள்ளாமல் இருக்கக் குறுக்கே ஒரு கம்பி. மேல் விளிம்பில் கை கிழிபடாமல் இருக்கப் பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறிச் செருகச் சொன்னது அவர் மனைவி. வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டார், போல்ட்டுக்குக் காசு வாங்கவில்லை. “முதல் கத்தரிக்காய் எனக்கு” என்றார்.

நிரப்புவதில் ஒரு தப்பு செய்தேன். இரண்டரை அடி உயரம் முழுக்க மண் போட யாராலும் முடியாது. அடியில் மரத்துண்டு போட்டு, நடுவில் மட்டையும் சருகும், மேல் ஓர் அடிக்கு மண்ணும் தொழுவுரமும் போடுவது வழக்கம். கஜாவில் விழுந்த தென்னையின் துண்டுகள் கொல்லையில் இற்றுக்கிடந்தன. அவற்றையே அடியில் போட்டேன். ஆறாவது மாதம் கத்தரிச் செடி ஒன்று வாடியது. பிடுங்கிப் பார்த்தால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு, சுருண்டு கிடந்தது. காண்டாமிருக வண்டின் புழு. இற்ற தென்னங்கட்டைதான் அது முட்டையிடும் இடம் என்பது தென்னை வைத்திருக்கும் வீட்டில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதி பாத்தியைக் கிளறி நாற்பதுக்குமேல் பொறுக்கினேன். பிறகு மெட்டாரைசியம் பூஞ்சையைத் தொழுவுரத்தில் கலந்து போட்டதும் அடங்கியது. இப்போது யார் கேட்டாலும் வேப்பங்கட்டை, முருங்கைக்கட்டை, தேங்காய் உரிமட்டை போடச் சொல்கிறேன். தென்னங்கட்டை வேண்டவே வேண்டாம். முதல் வருஷம் எல்லாம் மட்கி ஏறக்குறைய அரை அடி இறங்கும். மேலே தொழுவுரம் போட்டுக்கொண்டே வர வேண்டியதுதான்.

எல்லோரும் கேட்கும் கேள்வி இரண்டு. முதலாவது, சூடு. சித்திரை வெயிலில் மதியம் மூன்று மணிக்கு மேற்குப் பக்கத் தகரத்தில் கை வைக்க முடியாது. ஆனால் விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே மண்ணுக்குள் விரலை விட்டால் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். ஈர மண் அவ்வளவு சுலபமாகச் சூடாவதில்லை. ஈரம் போய்விட்டால் கதை வேறு. எனவே மேலே சருகு மூடாக்கு எப்போதும் இருக்க வேண்டும், விளிம்பை ஒட்டிச் செடி வைக்கக் கூடாது. மேற்குப் பக்கத்தில் தரையிலிருந்து கொடிப்பசலையை ஏற்றிவிட்டிருக்கிறேன். தகரத்துக்கு அதுவே குடை.

இரண்டாவது, நஞ்சு. தகரப் பாத்தியில் விளைந்ததைத் தின்னலாமா என்று என் சின்னம்மா ரொம்ப நாள் கத்தரிக்காயைத் தொடவில்லை. அவர் பயத்தில் நியாயம் உண்டு. துத்தநாகம் பூசிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது, புளிப்பில் அது கரையும். மண் புளிக்குழம்பு இல்லை. புளிப்பு அதிகம் இல்லாத மண்ணில் துத்தநாகம் மிக மெதுவாகத்தான் கரையும். கரைவதும் பயிருக்கு வேண்டிய சத்து. நெல்லுக்கு நடவுக்கு முன் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவச் சொல்கிறார்கள் அல்லவா? பந்த்நகரில் ஒய்.எல். நேனே என்ற விஞ்ஞானி 1960-களில், நெல்லை வாட்டிய கைரா நோய்க்குக் காரணம் கிருமி இல்லை, துத்தநாகக் குறைதான் என்று நிறுவினார். நம் வயல்கள் ஏங்கும் பொருளைத்தான் இந்தச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

ஈயம் வேறு விஷயம். அதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பழைய தகரத்துக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்கறிக்குத் தொடவே கூடாது. பழைய காலத்துத் துத்தநாகப் பூச்சிலும் சிறிதளவு ஈயம் கலந்திருக்கும். நான் ரசிக்கும் அந்தப் பெரிய பெரிய பூக்கோலம் விழுவதே அதனால்தான். எனவே என் பாத்தியில் கீரையும் கிழங்கும் போடுவதில்லை. ஈயம் ஏறினாலும் வேரிலும் இலையிலும்தான் தங்கும். காய்க்கு வருவது மிகக் குறைவு. கத்தரி, வெண்டை, மிளகாய் இவற்றோடு நிறுத்திக்கொண்டேன். கீரைக்குப் புதுத் தகரம் வாங்கிக்கொள்வது நல்லது.

சென்னையில் இருக்கும் நண்பர் இதைப் பார்த்துவிட்டு மொட்டைமாடியில் இதே மாதிரி ஒன்று வைக்கப் போனார். தடுத்துவிட்டேன். ஆள் நடமாடும் மாடிக்கு, சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்றுதான் இந்தியத் தரநிர்ணயத்தில் கணக்கு. இரண்டரை அடி ஈர மண் சதுர மீட்டருக்கு 1,200 கிலோ வரும். மாடிக்குத் தென்னைநார்க் கழிவும் ஆழமில்லாத பைகளும் போதும். இந்தப் பாத்தி தரைக்குப் பிறந்தது.

முதல் கத்தரிக்காய் ராவுத்தர் மாமாவுக்குப் போனது. உருண்டையாய், ஊதா நிறத்தில், நீளக் காம்போடு. அதைக் கையில் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். ஜாவர் குயவர்கள் பிடித்த வடிவம் சரிதானா என்று பார்க்கத்தான்.

அப்பாயிக்கு இப்போது தொண்ணூறை நெருங்குகிறது. கண் மங்கிவிட்டது. பாத்தி வரைக்கும் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். விளிம்பைத் தடவினார், நெளியை விரலால் எண்ணுவது போல ஒவ்வொன்றாக இறங்கினார், முட்டியால் ஒரு தட்டு தட்டினார். கொட்டகையில் இருந்தபோது தட்டினால் கணீரென்று ஊரைக் கூட்டும். உள்ளே மண் நிறைந்ததால் இப்போது மொத்தென்று அடங்கிவிட்டது. “சத்தமே இல்லையேடா” என்றார். முகம் வாடியதைப் பார்த்தேன்.

அவர் படுத்திருக்கும் அறை இப்போது கான்கிரீட். மழை வந்தால் உள்ளே தெரியாது. கசங்கிய மூன்று தகரத்தில் ஒன்றை எடுத்து, நெளி சரியாக இருந்த மூன்றடியை மட்டும் வெட்டி, அவருடைய ஜன்னலுக்கு வெளியே கோழிக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டேன். ஐப்பசியில் ஒரு மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து வெண்டை விதை பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“டேய், தூத்தல் போடுது. கொடியில துணி கெடக்கு பாரு.”